கதவுக்கு மேலே விட்ட இடைவெளி

மர வீடு கட்டும் கம்பெனியில் சேர்ந்து வளைகுடாவுக்கு விமானம் ஏறக் காத்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். உளி தீட்டுவதையும் ரசமட்டம் வைப்பதையும் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஃபோர்மேன் திட்டுகிற திட்டில் அதெல்லாம் தானாக வந்துவிடும். நான் எழுத வந்தது ஒரு இடைவெளியைப் பற்றி. சிலிகான் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இதைப் படித்து முடிக்கும் வரையாவது அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

நான் மார்த்தாண்டத்துக்காரன். பர் துபாயில் கடைகளுக்கு அலமாரி அடித்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ராஸ் அல் கைமாவில் மரக் குடில்கள் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பெரும்பாலும் தொழிற்சாலையில் அறுத்து வந்த புதுக் குடில்கள்தான். பொம்மை வீட்டைப் பெரிதாகச் செய்ததுபோல் இருக்கும், எனக்கு அவற்றின் மேல் பெரிய பாசம் கிடையாது. ஆனால் ஒரே ஒரு பழைய வீட்டைத் தூக்கி நிறுத்தும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்த வீட்டை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

அதை வாங்கியவர் உள்ளூர்க்காரர். அங்கே முதலாளியை அர்பாப் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இளவயதில் பனி கொட்டும் ஒரு நாட்டில் படித்தபோது அவர் ஒரு முழுமர வீட்டில் வாடகைக்கு இருந்திருக்கிறார். உருண்டை மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துச் சுவராக்கிய மிகப் பழைய வீடு. அந்த இடத்தில் ரோடு வருகிறது, வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அர்பாப் அதை விலைக்கு வாங்கி, மரம் மரமாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் எண் அடித்து, கண்டெய்னரில் ஏற்றிவிட்டார். மலையடிவாரத்தில் இருந்த தன் பேரீச்சந் தோட்டத்தில் அதை நிறுத்த வேண்டும், தன் தாயார் அதில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

கண்டெய்னரைத் திறந்த அன்றைக்கு வேலையே நடக்கவில்லை. உள்ளிருந்து புகையும் பிசினும் கலந்த ஒரு வாசம் வந்தது. எத்தனையோ குளிர்காலங்கள் அடுப்பெரிந்த வீடல்லவா? பெயிண்டர், டிரைவர், பக்கத்துக் குவாரி லாரிக்காரர் என்று எல்லோரும் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு மரத்தின் அடிப்பக்கமும் நீளவாக்கில் குடைந்திருந்தது, கீழே இருக்கும் மரத்தின் முதுகுக்கு அளவெடுத்ததுபோல. அங்கே ஒரு முண்டு இருந்தால் இங்கே அதற்கொரு பள்ளம். மூலைகளில் ஆணி இல்லை, ஒரு மரம் இன்னொன்றைக் கவ்விக்கொண்டு நின்றது. சுவரில் கை வைத்தால் கோடரி செதுக்கிய தடம் தட்டுப்படும். செய்தவன் இடது கைக்காரன் என்று அந்தத் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எந்த வீட்டைக் கட்டும்போதும் எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மரங்களோடு அந்த நாட்டிலிருந்து ஒரு தச்சரும் வந்தார். பெயரைக் கேட்டு எழுதிவைக்காமல் விட்டுவிட்டேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்தால்கூட ஒரு முழு வாக்கியம் தேறாது. ஆனால் வேலையில் எங்களுக்குள் ஒரு தகராறும் வந்ததில்லை. வாசல் சட்டத்தை வைத்தபோது, சட்டத்துக்கும் மேலே போகும் மரத்துக்கும் நடுவில் விரல்கள் நுழையும் அளவு இடம் விட்டார். ஜன்னல்களுக்கும் அப்படியே. அதில் ஆட்டு ரோமத்தை மெதுவாகத் திணித்தார். ஏன் என்று கையால் கேட்டேன். ஒரு கையை முட்டியாக மடக்கி நிறுத்தினார், இன்னொரு உள்ளங்கையை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் காட்டினார். படுத்திருக்கும் மரம் காய்ந்தால் குறுக்களவில் சுருங்கும், அதனால் சுவர் முழுக்கக் கீழே இறங்கும். வாசல் சட்டத்தில் மரம் நின்றவாக்கில் இருக்கிறது, அது நீளத்தில் சுருங்காது. இறங்கி வருகிற சுவருக்கு இடம் விடாவிட்டால் மொத்த பாரமும் சட்டத்தின் தலையில் ஏறிவிடும். பழைய மரம் ஊரில் ஏற்கெனவே காய்ந்ததுதானே என்று நினைத்தேன். அவர் வானத்தைக் காட்டினார், பிறகு ஏசிப் பெட்டியைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். இந்த ஊர் வெயிலும் ஏசியும் காய்ந்த மரத்தையும் இன்னும் காயவைக்கும் என்கிறார், அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மேல்கூரை ஏறியதும் அவர் ஊருக்குப் போனார். கம்பெனி என்னை பஹ்ரைனுக்கு வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டது. குதைபியாவில் ரூம் எடுத்துக்கொண்டு கோடை வரை அங்கே கிடந்தேன். ராஸ் அல் கைமாவில் மிச்சமிருந்த ஃபினிஷிங் வேலையைச் சிவகங்கைக்காரர் முருகையா பார்த்துக்கொண்டார். கை சுத்தம் என்றால் அப்படியொரு கை சுத்தம். மூலைப் பலகையைச் சேர்த்தார் என்றால் சேர்த்த கோட்டைத் தேடத்தான் வேண்டும். அவரிடமும் மற்றவர்களிடமும் இடைவெளியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஆனால் வளைகுடாவில் நம் ஆட்களுக்கு முதல் நாளே ஊட்டப்படுவது இடைவெளியின் மேல் பகை. இடைவெளி இருந்தால் மணல் வரும், ஏசிக் குளிர் வெளியே போகும், எறும்பு வரும், வேலை முடிந்தது என்று இன்ஜினியர் போடும் கையெழுத்து வராது. ஃபோம் அடி, அதன்மேல் சிலிகான் இழு, துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. வில்லா வில்லாவாக இப்படி அடைத்தே பழகிய கைகள் அவை. கன்சல்டன்ட் ஆபீசிலிருந்து வந்த இன்ஜினியர் வாசலுக்கு மேலே ஆட்டு ரோமத்தைப் பார்த்ததும், இது என்ன குப்பை, இதை மூடாமல் வீட்டை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றார். முருகையா மூடிவிட்டார்.

இங்கேதான் வேடிக்கை. முருகையா சோம்பேறியாக ஃபோமை மட்டும் அடித்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது, அமுங்கிக் கொடுத்திருக்கும். அவருக்கு ஃபோம் என்றால் ஏமாற்று வேலை. நல்ல பிளைவுட்டை அளவாக அறுத்து, பசை தடவி, ஆப்பு இறக்கி, கல் மாதிரி அடைத்து, மேலே அழகாகப் பலகை போட்டு மறைத்துவிட்டார். வாசலுக்கும் செய்தார், எல்லா ஜன்னலுக்கும் செய்தார். இன்ஜினியர் கை கொடுத்தாராம்.

கோடை வந்தது. அர்பாபின் தாயார் அந்த வீட்டில் குடியேறினார். முழங்கால் வலி, ஆஸ்துமா, கனத்த உடம்பு. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள மன்னாரிலிருந்து வந்த புஷ்பம் என்ற பெண். ஏசி ராப்பகலாக ஓடியது. கதவு இறுக்குகிறது என்று ஒரு தடவை கம்பெனி ஆட்கள் போய்க் கதவின் விளிம்பை இழைத்துவிட்டு வந்தார்கள். மறுபடியும் இறுக்குகிறது என்று போன் வந்தது, மறுபடியும் இழைத்தார்கள். தம்பிகளே, கதவு இறுக்கினால் இழைப்புளியை எடுப்பதற்கு முன்னால் கதவு ஏன் இறுக்குகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கூலி யாரும் தரமாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள். மூன்றாம் தடவை போன் வந்தபோது நான் பஹ்ரைனிலிருந்து திரும்பியிருந்தேன். முருகையாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு நானே புறப்பட்டேன்.

தோட்டத்துக்குள் நுழையும்போதே கூச்சல் கேட்டது. ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. மத்தியான வெயில் தலையைப் பிளந்தது. அர்பாப் தோளால் கதவை மோதிக்கொண்டிருந்தார். கதவு அசையவில்லை. அம்மாவும் புஷ்பமும் உள்ளே. கொஞ்ச நேரம் முன்புதான் புஷ்பம் கதவை அழுத்திச் சாத்தியிருக்கிறாள், அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. ஜன்னல்களும் அதேபோல் இறுகிக் கிடந்தன.

நான் கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். "புஷ்பம், நான் கம்பெனியில இருந்து வந்திருக்கேன். அம்மா எப்படி இருக்காவ?"

"மூச்சு இளைக்குது அண்ணை. மருந்து அடிக்கிற குப்பி முடிஞ்சு போச்சு. உள்ளுக்கு சரியான வெக்கை."

"பயப்படாத, கேட்டியா. பின்பக்கம் நிழல்ல இருக்குற ஜன்னல் கண்ணாடிய உடை. அம்மாவ அதுக்குப் பக்கத்துல இருத்து. கண்ணாடி மேல பட்டுராம ஒரு போர்வையப் போட்டு மூடு."

"உடைச்சா அர்பாப் ஏசமாட்டாரோ?"

அர்பாப் என் பக்கத்திலேயேதான் நின்றார். நான் ஹிந்தியில் சொன்னதும் உடை என்று சைகை காட்டினார், அதை அவளிடம் சொன்னேன். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர் ஓடிப்போய்க் காரிலிருந்து வேறொரு மருந்துக் குப்பியை எடுத்து வந்து அந்த ஓட்டை வழியாகக் கொடுத்தார். பனிக்கட்டி, தண்ணீர், ஈரத்துணி எல்லாம் அதே வழியில் போயின. ஆனால் அது பழங்காலத்துச் சிறிய ஜன்னல். ஒரு குழந்தையை வெளியே எடுக்கலாம். அந்த அம்மாவை எடுக்க முடியாது.

அப்போது டிராக்டர் வந்தது. தோட்டத்து டிரைவர், ஒரு பட்டாணியன், சங்கிலியோடு வந்து நின்றான். வாசல் சட்டத்தில் சங்கிலியை மாட்டி ஒரே இழுப்பில் பிடுங்கிவிடலாம் என்பது திட்டம். அர்பாப் சம்மதித்துவிட்டார். "ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினார். சுற்றி நின்ற எல்லோருக்கும் அதுதான் சரியென்று பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது. பதற்றத்தில் பெரிய இயந்திரத்தைப் பார்த்தால் மனதுக்குத் தெம்பாக இருக்கும்.

நான் கதவுக்கு மேலே பார்த்தேன். மறைப்புப் பலகை வில்லாக வளைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசலுக்கு இரண்டு பக்கமும் மரங்களின் வெட்டு முனைகள் அந்தச் சட்டத்தில் பள்ளமாக வெட்டிய காடிக்குள்தான் சொருகி நிற்கின்றன. சட்டத்தைப் பிடுங்கினால் அந்த முனைகளும் கூடவே வரும். மேலே சுவரும் கூரையும் அந்தச் சட்டத்தின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே இரண்டு பெண்கள். டிராக்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாஃபி, வேண்டாம்! இழுத்தா சுவரும் கூரையும் உள்ள விழும்!"

அர்பாப் என் சட்டையைப் பிடித்தார். "என் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் உன்னை விடமாட்டேன்" என்று ஹிந்தியில் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, என் அம்மா உள்ளே இருந்தால் நான் அடித்தே இருப்பேன். ஆனால் பயந்தேன், நன்றாகவே பயந்தேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் அந்த அம்மாவின் உயிரும் போகும், என் பாடும் ஜெயில்தான். "அந்த ஜன்னல் பக்கம் போய் அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருங்க. கதவை நான் திறக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் போனார்.

மறைப்புப் பலகையைப் பெயர்த்ததும் முருகையாவின் வேலை வெளியே வந்தது. ஆட்டு ரோமம் இருந்த இடத்தில் பிளைவுட், ஈர்க்குச்சி நுழைய இடமில்லாமல். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, நாந்தாண்ணே அடைச்சேன். ஓட்டையோட விட்டா கையெழுத்துப் போட மாட்டேன்னாங்க..."

நாக்கு நுனிவரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன். நான் செய்ததில் சரியானது இது ஒன்றுதான் என்று இன்றுவரை நினைக்கிறேன். தப்பு செய்தவனுக்குத்தான் அந்தத் தப்பின் உள்விவரம் முழுக்கத் தெரியும். அந்த நேரத்தில் அவனை மிரட்டினால் அந்த விவரமும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும்.

"அது கிடக்கட்டும். ஆணி எங்கெங்க அடிச்சிருக்க? ஆப்பு எந்தப் பக்கம் இருந்து இறக்கின? அத மட்டும் சொல்லுடே."

முருகையா கண்ணை மூடி ஒரு நொடி யோசித்தார். பிறகு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. நடுவுல ஆணியே இல்லண்ணே, பசைதான். ஆப்பு ரெண்டு ஓரத்துலயும், உள்ளேர்ந்து இறக்கினது."

வேனில் பேட்டரி டிரில் இருந்தது. ஆணியை விட்டு விலகி, பிளைவுட்டில் நெருக்கமாக ஓட்டை போடச் சொன்னேன். ஓட்டை விழுந்த இடம் பலமிழந்து நொறுங்கும். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம், பாரம் ஒரே குலுக்கில் இறங்காதபடி. ஜன்னல்களைத் தொடவேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அங்கே இருந்த அடைப்புகள் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும் வரை வாசலை மட்டும் விடுவிக்கலாம் என்பது என் கணக்கு. அடைத்த தப்பே அப்போதைக்கு எங்களுக்குத் துணை நின்றது. முருகையா ஓட்டை போட்டார், நான் உளியால் நொறுங்கியதை வழித்தேன். கண்ணுக்குள் வேர்வை இறங்கியது.

"புஷ்பம், பேசிக்கிட்டே இரு. அம்மா என்ன செய்யிறாவ?"

"மருந்து அடிச்சாப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை. உங்களைக் கேக்கிறா, வெளியில நிக்கிறவங்களுக்கு ஆராவது தண்ணி குடுத்தவையோ எண்டு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த நேரம் பார்த்து டிரில் திணறி நின்றது. சார்ஜ் போய்விட்டது. முருகையா அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு உளியை எடுத்தார். இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து கொத்தினோம். கடைசி ஆப்பு தெறித்தபோது மேலே மரம் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டது. எல்லோரும் பின்னால் பாய்ந்தார்கள். ஒன்றும் விழவில்லை. வளைந்திருந்த சட்டம் நிமிர்ந்துகொண்டது, அவ்வளவுதான். நான் கதவைத் தோளால் தள்ளினேன். கதவு வாசற்படியில் உரசிக்கொண்டே உள்ளே போனது.

அர்பாப் என்னை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். அவரும் புஷ்பமும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அம்மாவை வெளியே கொண்டுவந்து மரநிழலில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மூச்சு சீரானது. அவர் தண்ணீர் குடித்தார், முகத்தைத் துடைத்தார், மகனின் தலையைத் தடவினார். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன், வெட்கமாக இல்லை.

மகனுக்குப் பயம் விலகியதும் கோபம் ஏறியது. இந்த வீடு கலாஸ், நாளைக்கே பிரித்து எரித்துவிடுங்கள் என்றார். பிறகு திரும்பி, அந்த இடைவெளியை அடைத்தவன் யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முருகையா முன்னால் போய் நின்றுவிட்டார். விசா ரத்தாகும், அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் என்று அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று விவரமாகக் கேட்டார். நான் சொன்னதைப் புஷ்பம் அரபியில் எடுத்துச் சொன்னாள். மரம் காய்வது, சுவர் இறங்குவது, இன்ஜினியர் மூடச் சொன்னது, இவர் நன்றாக மூடியது எல்லாம். அம்மா தன் முழங்காலைத் தட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். புஷ்பம் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்ன சொல்லுகாவ?"

"இந்த வீடும் தன்னைப் போல ஒரு கிழவிதானாம், கீழ குந்தி இருக்கப் போன கிழவியப் பிடிச்சு எழுப்பி நிப்பாட்டினா அவ கத்தாம என்ன செய்வாள் எண்டு கேக்கிறா. வீட்டை எரிக்க வேண்டாமாம். அடைச்ச இந்த அண்ணைதானாம் மற்ற ஜன்னல் எல்லாம் திறக்கோணும். இவருக்குத்தான் வடிவாத் தெரியுமாம்."

அர்பாப் ஏதோ மறுத்துச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றுபோனது. முருகையாவுக்குக் கேட்டது நம்பமுடியவில்லை. என்னைப் பார்த்தார். "போடே, உளிய எடு" என்றேன்.

ஜெனரேட்டரைச் சரிசெய்து, டிரில்லைச் சார்ஜ் போட்டு, ஜன்னல் ஜன்னலாகத் திறந்தோம். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, சுவர் ஒரே சீராக இறங்கும்படி. ஒவ்வொரு அடைப்பும் பெயர்ந்து வரும்போது சுவரில் அந்த 'டொக்' சத்தம் கேட்கும். பழைய இடைவெளியில் ஆட்டு ரோமம் திரும்பப் போனது, சுவர் இறங்கும்போது தடுக்காமல் நகர்ந்து கொடுக்கும்படி மேலே பலகையை ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்து விட்டோம். அம்மா நிழலை விட்டு அசையவில்லை. வேலை முடியும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று சொன்னோம்.

அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மகன் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தார், அம்மா உதறிவிட்டார். புஷ்பம் கூடப் போனாள், அவளையும் வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவை அழுத்திச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நாங்கள் எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். முருகையா கண்ணை இறுக மூடியிருந்தார். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. அம்மா ஒரே ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருகையாவைப் பார்த்து, உள்ளே வா என்று கூப்பிட்டார்.